படகுக்குத் தண்ணீர் காட்டிய வாத்தியார்

மதுரைக்குக் கடல் கிடையாது என்பதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் தோணி வாத்தியார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு நீளமாக ஒரு பெயர் இருந்ததாம். அதைப் படித்துப் பார்க்கிற அளவுக்கு எங்களில் யாருக்கும் பொறுமை இருந்ததில்லை.

அப்போது யுத்த காலம். கடற்கரை ஊர்களில் எந்த நேரம் குண்டு விழுமோ என்று பயந்து, படகு கட்டச் சொல்லித்தரும் பயிற்சி வகுப்பு ஒன்றை யாரோ ஒரு புண்ணியவான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கீழவாசலுக்குக் கிழக்கே மூடிக் கிடந்த ஒரு பஞ்சு மூட்டைக் கிட்டங்கியில் எங்களைப் போட்டார்கள். ஒரு பாதியில் நாற்காலியும் கதவும் செய்யும் தச்சு வகுப்பு. மறு பாதியில் படகு கட்ட நாங்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டில் பதினோரு பேர் கடலைக் கண்ணால் கண்டதில்லை. மிச்சமிருந்த ஒருவன் கோவிந்தராம், பட்டு நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. கடலைப் பார்த்திருக்கிறேன் என்று மார்தட்டுவான். விசாரித்தால் இரண்டு வயதில் அவன் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து ராமேஸ்வரம் போய் வந்தானாம்.

ஒரு வருஷப் படிப்பு. முடிவில் பட்டணத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, நாங்கள் கட்டிய படகைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். மிதந்தால் ஆளுக்கொரு சர்ட்டிபிகேட், தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. மிதக்காவிட்டால் சர்ட்டிபிகேட்டும் கிடையாது, வகுப்பும் கிடையாது. எனக்கு அப்பா இல்லை. அம்மாவும் இரண்டு தங்கைகளும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா வேறு தன் அரிசி மில்லில் மூட்டை தூக்க எனக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு, வாரம் ஒரு தடவை வந்து, "என்ன மாப்ள, கப்பல் கெளம்பிருச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போவார். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் ஒழுங்காகப் படித்தேன்.

வாத்தியாருக்குத் தூத்துக்குடிப் பக்கம். கட்டை குட்டையான ஆள். காதில் பென்சில், இடுப்பில் உளி, வாயில் எப்போதும் ஓர் "ஏலே". காலையில் கிட்டங்கி வாசலுக்கு வந்ததும் ஆட்காட்டி விரலை எச்சிலால் நனைத்து உயரத் தூக்கிப் பிடிப்பார். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு எங்களுக்கு உத்தரவு போடுவார்.

"இன்னைக்கு மேக்க இருந்து கச்சான் காத்து. ஒருத்தனும் கடலுக்குப் போவாண்டாம், கேட்டியளா?"

"சரிங்க வாத்தியாரே" என்று பன்னிரண்டு பேரும் பவ்யமாகச் சொல்வோம். கடலுக்குப் போக வேண்டுமானால் முதலில் ரயில் டிக்கெட் வாங்க வேண்டும்.

படகின் முன்பக்கத்துக்கு அணியம் என்றும் பின்பக்கத்துக்கு அமரம் என்றும் பெயர். கடற்கரையில் அது சரி. இந்த மனிதருக்கு டீக்கடை பெஞ்சுக்கும் அணியம் அமரம் உண்டு, குதிரை வண்டிக்கும் உண்டு. ஒருநாள் முடிவெட்டப் போய் உட்கார்ந்துகொண்டு, "அமரத்துல ஒட்ட வெட்டும்வே, அணியத்தத் தொடாதிரும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கத்தரிக்கோலோடு அவரை மூன்று சுற்றுச் சுற்றி வந்த நாவிதர் கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அமரம்ங்கிறது இவருக்கு எங்கிட்டுப்பா இருக்கு?" என்று ரகசியமாகக் கேட்டார். நான் பிடரியைக் காட்டிக் கொடுத்தேன்.

துடுப்புப் போடவும் சொல்லிக்கொடுத்தார். தரையில் இரண்டு பெஞ்சைப் போட்டு, அதில் எங்களை உட்கார வைத்து, கையில் துடுப்பைக் கொடுத்துவிடுவார். "ஏ… லேலோ!" என்பார். நாங்கள் ஒரு வருஷமாகக் காற்றைத் தள்ளினோம். பக்கத்து வகுப்பில் நாற்காலிக்குக் கால் பொருத்திக்கொண்டிருந்த பயல்கள், "எதுவரைக்கும் போயிருக்கீக? கொழும்பு வந்திருச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். வாத்தியார் அவர்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கே ஈரத்தைக் கண்டாலும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிடுவார். "படவுக்குள்ள தண்ணி கெடந்தா, அது மழையா, கடலான்னு நாக்குதாம்லே சொல்லும்" என்பது அவர் பாடம். ஒருநாள் இரண்டு வகுப்புக்கும் பொறுப்பான மேனேஜரின் மேஜையில் இருந்த ஈரத்தையும் தொட்டு நக்கிவிட்டு, "மசிக்கூடு கழுவின தண்ணி" என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து மேனேஜர் மேஜையைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிட்டார். மதுரைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அவருக்கு மரியாதையே கிடையாது. "சப்புன்னு கெடக்கு. இதக் குடிச்சிட்டு எப்படிலே உசிரோட இருக்கிய?" என்பார்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்தப் படகுக்குத் தண்ணீர் காட்டுவது.

விஷயம் இதுதான். படகுக்குப் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடித்து, நடுவில் உள்ள சந்துகளில் பஞ்சைத் திணிப்பார்கள். அதற்குக் கலப்பத்து என்று பெயர். மரம் ஈரத்தில் ஊறி உப்பினால் சந்து இறுகிப் போகும், சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. மரம் காய்ந்தால் சுருங்கும், சந்து வாயைப் பிளக்கும். கடற்கரைப் படகுக்கு அந்தக் கவலை இல்லை. எங்கள் படகு நின்றதோ மதுரைச் சூட்டில். அதனால் பலகை ஏறிய நாளிலிருந்து அதன் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, காலையில் முப்பது குடம், மாலையில் முப்பது குடம் ஊற்ற வேண்டும் என்று சட்டம் போட்டார்.

"ஏலே, படவுக்குத் தண்ணி காட்டியாச்சா?"

தெருவில் போகிற ஆட்கள் உள்ளே மாடு கட்டியிருக்கிறது என்றே நினைத்தார்கள். கிணறு பக்கத்து வீட்டு ராக்கம்மாவுடையது. அவள் ஒருநாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏய்யா, ஒரு நாளைக்கு அறுவது கொடமா? அம்புட்டுத் தண்ணியையும் ஊத்தி மரத்துக்கு வேர் விட வைக்கப் போறீகளா?"

"தாயி, ஒங்க பசுவுக்குத் தாகம் எடுத்தா அது கத்தும். இது கத்துமா? கேட்டாத்தான் சொல்லுமா? நாமதானே பாத்துக் குடுக்கணும்" என்றார் வாத்தியார், கண் கலங்காத குறையாக. மறுநாள் முதல் ராக்கம்மாவே இரண்டு குடம் இறைத்துக் கொடுத்தாள்.

எங்கள் தாகத்தைப் பற்றி மட்டும் அவர் கேட்டதே கிடையாது. சோணை என்ற பயல், நல்ல உச்சி வெயிலில், படகுக்குக் கொண்டு போன குடத்தைச் சாய்த்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டான். வாத்தியார் பார்த்துவிட்டார்.

"அது படவோட தண்ணிலே! ஒனக்கு வாய் இருக்கு, எங்கயும் கேட்டுக் குடிச்சிக்கிடலாம். அதுக்கு யாரு இருக்கா? போ, இன்னும் பத்துக் கொடம் எடு!"

"இந்தாளு பெத்த பிள்ளையா அது?" என்று முனகிக்கொண்டே சோணை பத்துக் குடம் சுமந்தான்.

இதைப் பார்த்துப் பார்த்து உருகிக்கொண்டிருந்த இன்னொரு ஜீவன் எங்கள் மேனேஜர். அவர் தச்சுத் தொழிலிலிருந்து வந்தவர். நன்றாகக் காய்ந்த மரம்தான் மரம் என்பது அவர் கொள்கை. வாத்தியாருக்கு ஈரம் உயிர், இவருக்கு ஈரம் விஷம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் ஒரு வருஷம் இருந்தது பெரிய விஷயம்தான்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. அதற்கு முந்தின வாரமே வாத்தியார் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் போகாமல் எப்படி? புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏலே, நாயித்துக்கிழமை வந்திருவேன். அதுவரைக்கும் ஒரு வேளை விடாம தண்ணி காட்டணும். ஒன்ன நம்பித்தாம்லே போறேன்."

"நீங்க போயிட்டு வாங்க வாத்தியாரே. நான் பாத்துக்கிறேன்" என்றேன், பெரிய மனிதனைப் போல.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், மேனேஜர் வந்தார். "அதிகாரி வர்ற நேரத்துல இது என்னடா எருமை மாதிரி சொதசொதன்னு? சாக்கை எடுங்க. வெயில்ல இழுத்துப் போடுங்க. நல்லாக் காயட்டும். பெயிண்ட் அடிச்சுப் பளபளன்னு நிறுத்திருவோம்!"

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மேனேஜரிடம் பயம் பாதி. அறுபது குடம் மிச்சம் என்ற சந்தோஷம் மீதி. மறைப்பானேன், சாக்கை முதலில் உருவியவனே நான்தான்.

ஐந்து நாள் வெயில். அதிலும் மதுரைப் பங்குனி வெயில். சனிக்கிழமை கோவிந்தராம் படகுக்குள் குனிந்து ஒரு சந்தில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "மாப்ள, இங்கேருந்து பாத்தா ராக்கம்மா வீட்டுத் திண்ணையில காயிற வத்தல் தெரியுதுடா" என்றான்.

"பெயிண்ட் அடிச்சா மூடிரும்" என்றேன். பெயிண்ட் அடித்தோம். மூடியது போலத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வரவில்லை. யுத்த கால ரயில், எங்கோ வழியில் நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலையில் படகை மாட்டு வண்டியில் ஏற்றி, மாலை போட்டு, வண்டியூர்க் கண்மாய்க்குக் கிளம்பினோம். எங்கள் ஊர்க்காரர்கள் தண்ணீரில் மிதக்கிற எதையும் தெப்பத் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறார்கள். வழி நெடுகக் கும்பிட்டார்கள். ஒரு பாட்டி சூடம் ஏற்றிவிட்டு, "எந்தச் சாமிக்குய்யா இந்தத் தெப்பம்?" என்று கேட்டாள். "சர்க்கார் சாமிக்கு!" என்றான் சோணை. அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கண்மாய்க் கரையில் அதிகாரி தொப்பியோடு நின்றார். தோல் பையில் பன்னிரண்டு சர்ட்டிபிகேட், கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு. படகை இறக்கினோம். பச்சையும் வெள்ளையுமாக அழகாகத்தான் மிதந்தது. எவ்வளவு நேரம்? மேனேஜர் கைதட்டி முடிப்பதற்குள் பத்துச் சந்திலிருந்தும் தண்ணீர் பீச்சியடித்தது. கரையில் கூடியிருந்த வண்டியூர்ச் சனம் விசிலடித்தது.

அந்த நேரம் பார்த்து வாத்தியார் வந்து சேர்ந்தார். நேரே ஸ்டேஷனிலிருந்து ஓட்டம். மார்பில் கல்யாணச் சந்தனம், கையில் எங்களுக்குக் கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பு. பழத்தைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். பலகையைத் தடவினார். தட்டிக் கேட்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

"யாருடைய தவறு இது?" என்றார் அதிகாரி, பேனாவைத் திறந்துகொண்டு.

மேனேஜர் வானத்தைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன்.

"யாரு தப்பும் இல்ல ஐயா. படவுக்குத் தாகம். அதான் குடிக்கி" என்றார் வாத்தியார்.

"படகு மிதக்க வேண்டும் மிஸ்டர். குடிக்கக் கூடாது."

"குடிச்சாத்தான் ஐயா மிதக்கும். நாளைக்குச் சாயங்காலம்வரை பொறுக்கணும். அதுக்குப் பெறவும் ஒழுகிச்சின்னா, வகுப்பை மூடிட்டுப் போயிருங்க. நானும் ஊருக்குப் போயிருதேன்."

அதிகாரிக்கு மறுநாள் ராத்திரிதான் ரயில். கோயில் வேறு பார்க்க வேண்டியிருந்தது. "சரி" என்றார்.

வாத்தியார் எங்கள் பக்கம் திரும்பினார். "கல்லு கொண்டாங்கலே. படவ முக்குங்க."

"முக்கவா?" என்று மேனேஜர் அலறினார்.

ஒரு வருஷம் இழைத்து இழைத்துக் கட்டிய படகு. அதில் எங்கள் கையாலேயே கல்லைப் போட்டோம். சோணை அழுதுகொண்டே போட்டான். நான் ஒரு பாறாங்கல்லோடு வாத்தியார் பக்கத்தில் போய், "வாத்தியாரே, நான்தான்… தண்ணி காட்டல…" என்று ஆரம்பித்தேன்.

"கல்லப் போடுலே. பேச்செல்லாம் பெறவு."

படகு கழுத்துவரை நின்று, அப்புறம் அப்படியே அமுங்கிப் போனது. படகுப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் படகைத் தாங்களே முக்கிவிட்டார்கள் என்ற செய்தி எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டது. மாமா வாசலில் காத்திருந்தார். "மூட்டை தூக்கத் துண்டு ஒண்ணு எடுத்து வச்சிக்க மாப்ள" என்றார். அம்மா சோறு போட்டாள். பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் கல்லையெல்லாம் எடுத்து, படகைத் தூக்கி, தண்ணீரை இறைத்தோம். பஞ்சு பிதுங்கியிருந்த இடங்களில் வாத்தியார் உளியால் தட்டித் தட்டி அடைத்தார். உள்பக்கத்தைத் தன் கல்யாண வேட்டியாலேயே ஒற்றி எடுத்தார். அதிகாரி வந்தார். விதிப்படி அவரும் படகில் உட்கார்ந்து போக வேண்டும்.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றார் அதிகாரி, இரண்டடி பின்னால் போய்.

"அப்ப ஒங்க காயிதத்தக் குடுங்க" என்றார் வாத்தியார். "அந்தப் பன்னெண்டு சர்ட்டிபிகேட்டையும் அடிப்பலகையில விரிச்சு வைப்போம். கண்மாய ஒரு சுத்துச் சுத்தி வரட்டும். ஒண்ணு நனைஞ்சாலும் நீங்க கையெழுத்துப் போடாண்டாம்."

அதிகாரி யோசித்தார். அவர் மூழ்குவதற்குக் காகிதம் மூழ்குவது மேல் என்று பட்டிருக்க வேண்டும், பையைத் திறந்தார்.

துடுப்பை வாத்தியார் யாரிடம் கொடுத்தார் தெரியுமா? என்னிடம். "தனியாப் போ" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாகத் துடுப்பு தண்ணீரைத் தொட்டது. காற்றைத் தள்ளிப் பழகிய கை, படகு இருந்த இடத்திலேயே இரண்டு வட்டம் அடித்தது. கரையில் சிரிப்பு. "ஏ… லேலோ!" என்று வாத்தியார் குரல் கேட்டது. பன்னிரண்டு குடும்பத்துச் சோறு என் காலடியில் வெள்ளை வெள்ளையாகப் பரப்பியிருந்தது. கிட்டங்கி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு போட்டேன். படகு போனது. ஒரு சந்திலும் கசிவு இல்லை. மடைப் பக்கம் திரும்பி, பாதிக் கண்மாய் தாண்டி, கரை கிட்ட வந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டப். ஒரு சொட்டு. சரியாக என் சர்ட்டிபிகேட்டின் மேல், என் பெயரின் மேல்.

அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்து என்னுடையதில் நின்றார். "இது என்ன?"

வாத்தியார் சாவகாசமாக வந்தார். அந்தச் சொட்டை விரலால் ஒற்றி நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். ஊரே அவர் வாயைப் பார்த்தது.

"உப்புக் கரிக்கி" என்றார். "கண்மாய்த் தண்ணி சப்புன்னு கெடக்கும். இது பய மூஞ்சில இருந்து விழுந்தது ஐயா. வேர்வை. சந்தேகம்னா நீங்களே நக்கிப் பாருங்க."

காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அதிகாரி அவசர அவசரமாகப் பேனாவை எடுத்துப் பன்னிரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் பெயர் இன்றுவரை அந்தக் காகிதத்தில் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கிறது. அது வேர்வையா, கண்ணிலிருந்து வந்ததா என்பது எனக்குத் தெரியும். அந்த நாக்குக்கும் தெரிந்திருக்கும்.

பதினைந்து நாள் கழித்துத் தூத்துக்குடி வண்டியில் நாங்கள் பன்னிரண்டு பேரும் கிளம்பினோம். மதுரை ஸ்டேஷனில் ஒரே கூட்டம். மாமாகூட மாலையோடு வந்திருந்தார். வாத்தியாரை மட்டும் காணோம். 'பெறவு' என்று சொன்னாரே, அந்தப் பேச்சை அவர் பேசவே இல்லை. போவதற்குள் ஒரு மன்னிப்பாவது கேட்டுவிட வேண்டும் என்று நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி கிளம்பப் போகிற நேரத்தில், கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். தோளில் ஒரு குடம், கையில் ஒரு செம்பு. ராக்கம்மா வீட்டுக் குடம் அது, எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனை முறை சுமந்திருக்கிறேன். ஜன்னல் ஜன்னலாக நின்று ஒவ்வொருத்தனுக்கும் செம்பில் ஊற்றி நீட்டிக்கொண்டே வந்தார். சோணைக்கு இரண்டு செம்பு. என்னிடம் வந்தார்.

"குடிலே."

"வாத்தியாரே, அன்னைக்கு நான்…"

"மொதல்ல குடி."

"தாகம் இல்ல வாத்தியாரே."

"ஒன்னக் கேட்டனா? கேட்டா நீ சொல்லிருவியா? போற எடத்துல அம்புட்டும் உப்புத் தண்ணிலே. குடிச்சிட்டுப் போ." ஒரு வருஷத்தில் அவர் வாயில் எங்கள் ஊர் 'அம்புட்டு' அன்றைக்குத்தான் வந்தது.

எனக்கு உண்மையாகவே தாகம் இல்லை. மூன்று செம்பு குடித்தேன்.